பட்டைத் துணுக்கு வைத்த பக்கம்

இந்த வாரம் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குளித்த கதையை எழுத உத்தேசித்திருந்தேன். பாதி எழுதியும் ஆயிற்று. கெடுத்தது தபாலில் வந்த ஒரு பார்சல்.

சணல் கயிற்றை அறுத்துப் பழுப்புக் காகிதத்தை விலக்கினேன். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறிய தோலின் வாடை குப்பென்று கிளம்பி, சென்னையில் என் மாடி அறை முழுவதையும் பிடித்துக்கொண்டது. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் வாடை. ஆம்பூரில் எங்களுக்கு அதற்குப் பெயர் காற்று.

உள்ளே ஒரு புத்தகம். முதுகுக்குத் தோல், தோலில் தங்க எழுத்து. சிறுவர்களுக்கான நீதிக் கதைகளாம். கூடவே பதிப்பாளரின் கடிதம்: எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள செல்வங்களின் கரங்களில் தவழ வேண்டிய நூல், தாங்கள் நாலு வரி வாழ்த்துரை அருள வேண்டும்.

முதல் பக்கத்தைத் திறந்தேன். முதல் வாக்கியம் பதினோரு வரி ஓடுகிறது. அது முற்றுப்புள்ளிக்கு வந்து சேர்வதற்குள் எனக்கே மூச்சு வாங்கியது. இது எட்டு வயதுக் குழந்தையின் கரத்தில் தவழாது. காலில் விழும். விரல் நசுங்கும்.

வந்த ஆத்திரத்தில் கை பட்டு மைக்கூடு கவிழ்ந்தது. பாலாற்று ஊற்றின் மேல் மை ஓடியது. ஓடட்டும். அந்த ஆத்திரத்தில் பதிப்பாளருக்குச் சேர வேண்டியது கால் பங்குதான். மிச்சமெல்லாம் இருபது வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆசாமியைச் சேரும். அந்த ஆசாமி நான்.

கனமான பரிசு

ஜெர்மன் சண்டை முடிந்த புதிது. தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் ஷாப்பு என்போம். சிப்பாய்களின் பூட்ஸுக்காக ராப்பகலாய் நடந்த ஷாப்புகள் கொஞ்சம் மூச்சு விட ஆரம்பித்திருந்தன. அதில் ஒன்றில் எனக்குக் கடிதம் எழுதுகிற வேலை. என் அண்ணன் தேவசகாயத்துக்கு அங்கேயே தோல் தரம் பிரிக்கிற வேலை. அண்ணிக்குப் பட்டை இடிக்கிற கொட்டகையில் வேலை. வீடு திரும்பும்போது அண்ணியின் புடவையெல்லாம் ஆவாரம்பட்டைத் துணுக்கு ஒட்டியிருக்கும். சோற்றில் கூட ஒன்றிரண்டு கிடைக்கும்.

அவர்களுடைய ஒரே மகள் கிருபை. அப்போது அவளுக்குப் பத்து வயது நிரம்பவில்லை.

கிருபையைப் படிக்க வைத்துப் பெரிய ஆளாக்குவது என்று நான் தீர்மானித்தேன். அவளைக் கேட்டுத் தீர்மானிக்கவில்லை. உயர்தரப் பள்ளியில் எனக்குப் பரிசாகக் கிடைத்த ஒரு தடித்த புத்தகம் பெட்டியில் இருந்தது. பழைய மன்னர்களின் சரித்திரம். அதை எடுத்து அவள் மடியில் வைத்தேன். மடி தாழ்ந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் ஊரில் எதையும் தூக்கிப் பார்த்துத்தான் மதிப்புச் சொல்வார்கள். கனமான தோல் நல்ல தோல். அதே கையால் புத்தகத்தையும் தூக்கிப் பார்த்த மடையன் நான். புத்தகம் எவ்வளவு கனமோ அவ்வளவு அறிவு குழந்தைக்குள் இறங்கும் என்று நம்பினேன். இன்றைக்கும் தமிழ்நாட்டில் பரிசளிப்பு விழா மேடைகளில் இதே நம்பிக்கை மாலை போட்டு உட்கார்ந்திருக்கிறது. மூன்றாம் வகுப்புக் குழந்தை மேடையேறி, தன்னால் தூக்க முடியாததைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறது. கீழே எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

கிருபை அழவில்லை, முரண்டு பண்ணவில்லை. நான் வாசித்துக் காட்டிய இரண்டு பக்கத்தை அப்படியே நெட்டுருப் பண்ணிவிட்டாள். அதைப் படிப்பு என்று நான் நம்பினேன்.

அவள் மேல் என்ன தப்பு? தெருப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் காட்டிய வழியே அதுதான். இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ‘படிக்கும்’. காற்றடித்துப் பக்கம் புரண்டாலும் குரல் புரளாது. வாத்தியார் பிரம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரிப்பார். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு மோரைக் குடித்துவிட்டுப் போவார். எழுத்தையே பார்க்காமல் நாற்பது குழந்தைகள் தேறிவிடுவார்கள். அந்த வாத்தியார் காலமாகிவிட்டார். காலமானவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுகிறேன்.

நடுவில் கை விடுகிறவர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் ஆராதனை முடிந்து அண்ணனின் ஷாப்புக் கூட்டாளிகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வழக்கம்போலக் கிருபையை அழைத்துப் புத்தகத்தைக் கொடுத்தேன். அவள் திறந்தாள்.

“மணிமுடி தரித்த மாமன்னர் மந்திராலோசனை மண்டபத்தே எழுந்தருளி…”

கூட்டாளிகள் வாய் பிளந்தார்கள். அண்ணன் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

“நல்லாத்தான் படிக்குது. ஆனா எப்பவும் அதே எடத்தையே தொறக்குதே, அது ஏன்?”

“அவளுக்குப் புடிச்ச பக்கம்” என்றேன்.

“தோலு கொண்டாறவன் எல்லாம் கட்டுக்கு மேல நல்லதத்தான் வெப்பான், தம்பி. நாங்க நடுவுல கைய வுட்டு உருவுவோம்.”

அண்ணனுக்கு எழுத்து ஒன்று கூடத் தெரியாது. புத்தகத்தை வாங்கினார். தோலைப் பிடிப்பது போலவே ஓரத்தைக் கட்டைவிரலால் நீவினார். எங்கோ நடுவில் பிரித்து மகளிடம் நீட்டினார்.

“இத படி, கண்ணு.”

கிருபை அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

“மணிமுடி தரித்த மாமன்னர்…”

“அதான் மொதல்லயே சொன்னியே” என்றார் அண்ணன், மெதுவாக.

ஒரு கூட்டாளி சிரித்துவிட்டார். மூன்று வருஷம் பிரம்போடு நின்ற வாத்தியாரும், கையெழுத்துப் போட்ட இன்ஸ்பெக்டரும், கவிதை எழுதுகிற நானும் கண்டுபிடிக்காததை எழுத்தறியாத அந்த மனிதர் ஒரு கட்டைவிரலால் கண்டுபிடித்தார். அதோடு நின்றிருந்தால் அவரைக் கும்பிட்டிருப்பேன். கண்டுபிடித்த கையோடு, தினமும் ஷாப்பில் செய்வதையும் செய்தார்.

“இது கழிவு. படிப்பு போதும். திங்கக்கெழம அம்மா கூடக் கொட்டகைக்குப் போவட்டும்.”

அடுப்படியிலிருந்து அண்ணி வந்தார். கையில் கரண்டி.

“இன்னாய்யா சொன்ன? பெத்த புள்ளயத் தோலு மாதிரி தள்ளி வெக்கிறியா? கழிவு அவ இல்ல, உன் தம்பி! அவன் குடுத்த புஸ்தகத்தப் பாரு, அம்மிக்கல்லு. அத வெச்சு மொளகா அரைக்கலாம், படிக்க முடியுமா?”

“நீ சும்மா இரு. பேஜார் பண்ணாத.”

“இருக்க மாட்டேன். வேலூர்ல பொம்பளப் புள்ளைங்க தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம் இருக்குதாம். கிறிஸ்மஸ் முடிஞ்சு படிக்கச் சொல்லிப் பார்த்து எடுப்பாங்களாம். அதுவரைக்கும் வுடு. அங்க வேணாம்னுட்டா, நானே கூட்டினு போய்க் கொட்டகைல குந்த வெக்கிறேன்.”

அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “கிறிஸ்மஸ் வரைக்கும்” என்றார்.

பட்டைக் கொட்டகையைப் பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நாள் முழுக்க உலக்கை. தூசி மூக்கில், கண்ணில், இருமலில். ஒரே வருஷத்தில் உள்ளங்கை தோலாகிவிடும்.

கிருபை கண்டுபிடித்த கருவி

மறுநாள் கிருபையிடம் அதட்டலாகக் கேட்டேன்: “எது எதுடி புரியல? காட்டு.”

அவள் யோசித்தாள். அம்மாவின் புடவைத் தலைப்பிலிருந்து ஒட்டியிருந்த பட்டைத் துணுக்குகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள். புரியாத வார்த்தை மேலெல்லாம் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தாள். புடவையில் துணுக்குத் தீர்ந்ததும், தரையில் பொறுக்கி வந்து வைத்தாள். பக்கம் முடிந்தபோது எழுத்தே தெரியவில்லை. மன்னரும் மண்டபமும் மந்திராலோசனையும் பட்டைக்கு அடியில் போய்விட்டார்கள். ‘ஒரு’ என்ற சொல் மட்டும் இரண்டு இடத்தில் எட்டிப் பார்த்தது.

“உனக்கு மண்டையில ஒண்ணும் இல்ல” என்றேன் நான்.

ஆம், அப்படித்தான் சொன்னேன். எழுதும்போது கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

அண்ணி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மண்டையில இல்ல தம்பி, புஸ்தகத்துல தான் ஜாஸ்தி. வேற புஸ்தகம் பாரு. அவளையும் கூட்டினு போ. செருப்பு வாங்கறதுக்குக் கூடக் கால கூட்டினு தானே போவணும்?”

லாங் பஜாரில் ஒரு மதியம்

ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, குதிரை வண்டி பிடித்து, வேலூர் லாங் பஜாருக்குப் போனோம். கிருபையின் பாவாடை முடிச்சில் ஒரு பிடி பட்டைத் துணுக்கு. மஞ்சள் மூட்டைகளுக்கும் வெல்ல ஈக்களுக்கும் நடுவே, சாக்கை விரித்துப் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தார் காசிம் பாய். நான் வேலூரில் பள்ளியில் படித்த நாளிலிருந்து என்னைத் தெரிந்தவர்.

கிருபை உட்கார்ந்தாள். ஒரு புத்தகத்தை எடுத்து நடுவில் பிரித்தாள். அப்பன் மகள். விரலை ஓட்டி, தெரியாத வார்த்தையில் துணுக்கு வைத்தாள்.

“இன்னா பாப்பா, புஸ்தகத்துக்குச் சோறு போடறியா?” என்றார் பாய்.

“பாய், அது சாப்பிடுதான்னு பாக்கறேன்.”

“சாப்பிட்டா?”

“ஜாஸ்தி சாப்பிட்டா வேணாம்.”

பாய் தொடையைத் தட்டிச் சிரித்தார். நான் எடுத்துக் கொடுத்த பக்தி நூலில் துணுக்குக் குவிந்தது, தள்ளிவிட்டாள். அரிச்சுவடி போன்ற ஒன்றில் ஒரு துணுக்குக்கும் இடமில்லை. “இது பாப்பாங்களுக்கு” என்று அதையும் தள்ளினாள். கடைசியில் சாக்கின் ஓரத்தில் கிடந்த ஒரு சிவப்பு அட்டைப் புத்தகம். காலணாச் சரக்கு. ஏலகிரி மலையில் பதுங்கியிருந்த ஒரு கள்ளனின் கதை, இடையிடையே பாட்டு. ஒரு பக்கத்தில் மூன்று துணுக்குதான் விழுந்தது.

“இதான், சித்தப்பா.”

“சீ, வை அதை. குப்பை.”

“ஏன் தம்பி, குப்பைங்கற?” என்றார் பாய். “நீ சின்ன வயசுல இந்தச் சாக்குல குந்தினு இதெல்லாம் ஓசியில படிச்சியே, மறந்துட்டியா? ஒரு மாம்பழக் கறை கூட வெச்சே.”

படித்தேன். அதில்தான் எனக்குப் படிப்பே வந்தது. மீசை முளைத்ததும் அதை மறைத்துக்கொண்டேன். வெட்கத்தோடு அதை வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு நடந்ததை நான் செய்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. சாயங்காலமானால் கிருபை அம்மாவுக்குக் கள்ளன் கதையைப் படிப்பாள். துணுக்கு விழுந்த வார்த்தைகளை மட்டும் என்னிடம் கேட்பாள். அண்ணி அரிசி பொறுக்கிக்கொண்டே இடைமறிப்பார்.

“இரு இரு. அவன் மலைக்கு ஓடிட்டான், சரி. பொண்டாட்டி இன்னா ஆனா? அவ சோத்துக்கு இன்னா பண்ணா?”

கிருபைக்குத் தெரியாது. பின்னால் பக்கம் புரட்டித் தேடுவாள். கண்கள் வரி வரியாக ஓடும். “இங்க இருக்கும்மா! அவ அண்ணன் வீட்டுக்குப் போய்ட்டா!” மன்னர் சரித்திரம் ‘படித்தபோது’ அந்தக் கண்கள் ஓடியதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கிறிஸ்மஸுக்குள் பாயிடமிருந்து மேலும் நாலு புத்தகம் வந்தது. ஒவ்வொன்றும் முந்தியதை விடக் கொஞ்சம் கடினம். எல்லாம் அவள் துணுக்கு வைத்துத் தேர்ந்தது.

பெரிய டீச்சரம்மா

வேலூர்ப் பள்ளியின் பேர் வேண்டாம். தலைமை ஆசிரியையும் இன்று இல்லை. வெள்ளைச் சேலை, வெள்ளிச் சட்டமிட்ட கண்ணாடி. பத்திரிகைகளில் எழுதுகிறவர். சென்னை அச்சுக்கூடக்காரர்களிடம் செல்வாக்குள்ளவர். ஆகையால் அன்றைக்கு என் கக்கத்தில் என் கவிதைக் கட்டும் இருந்தது.

இதை நன்றாகக் கவனியுங்கள். குழந்தையைப் பள்ளியில் சேர்க்கப் போனவன், தன் கவிதைக் கட்டோடு போனான்.

டீச்சரம்மா ஒரு பாடப் புத்தகத்தை நீட்டினார். கிருபை எழுந்து நின்றாள்.

“அம்மா, நடுவுல இருந்து படிக்கட்டுமா?”

“எங்கேயிருந்து வேண்டுமானாலும் படி.”

படித்தாள். திக்கித் திக்கித்தான். ஆனால் படித்தாள். இரண்டு இடத்தில் நின்று, “இது தெரியலம்மா” என்றாள். டீச்சரம்மாவின் முகம் மலர்ந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் குழந்தையை அவர் அதிகம் பார்த்திருக்க மாட்டார்.

“வீட்டில் என்ன படிக்கிறாய்?”

கிருபை பெருமையோடு இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சிவப்பு அட்டை. டீச்சரம்மா பிரித்த இடத்தில் கள்ளன் கள்ளுக்கடையில் பாடிக்கொண்டிருந்தான். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் சுருங்கின. இரண்டு விரலால் பிடித்து மேஜை மேல் போட்டார்.

“இந்த அசிங்கத்தை யார் கொடுத்தது?”

கிருபை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பயமில்லாமல் பார்த்தாள். சித்தப்பா சொல்லிவிடுவார் என்ற பார்வை.

அக்குளில் கவிதைக் கட்டு கனத்தது.

“எனக்குத் தெரியாதுங்கம்மா” என்றேன். “ஷாப்பு சனங்க கையில இதெல்லாம் சுத்தும். அங்கேருந்து எடுத்திருப்பா.”

டீச்சரம்மா பெருமூச்சு விட்டார். புத்தியுள்ள பிள்ளைதான், ஆனால் இந்தப் பழக்கம் விடுதியில் மற்றப் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “அது என்ன கட்டு?” என்று கேட்டார்.

கொடுத்தேன். கிருபை அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே கொடுத்தேன்.

வீட்டு வாசலில் அண்ணன் காத்திருந்தார். “இன்னா ஆச்சு?”

நான் வாயெடுப்பதற்குள் கிருபை சொன்னாள்: “நான் சரியா படிக்கலப்பா.”

அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன். திங்கட்கிழமை காலை, தாயும் மகளும் கொட்டகைக்குப் போனார்கள். அடுத்த வருஷம் என்று ஒன்று வந்தது. அவளை அழைத்துப் போக யாருக்கும் ஞாபகமில்லை. எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் போகவில்லை.

பார்சலைத் திருப்பினேன்

தோல் முதுகுப் புத்தகத்தை நேற்றுத் திருப்பி அனுப்பிவிட்டேன். அனுப்புவதற்கு முன் நாட்டு மருந்துக் கடையில் ஆவாரம்பட்டை வாங்கி நுணுக்கி, எதிர் வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, முதல் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். ஒன்பது வயது. பக்கம் மறைந்துவிட்டது. பசை தடவி, அப்படியே ஒட்டி அனுப்பினேன். வாழ்த்துரை கேட்டாரல்லவா, அதுதான்.

இனி என் முறை.

ஆம்பூர் பிளாட்பாரம்

டீச்சரம்மா சொல்லி, சென்னையில் எனக்கு அச்சுக்கூட வேலை கிடைத்தது. இரண்டு வருஷத்தில் என் முதல் புத்தகமும் அச்சாயிற்று. சின்னப் புத்தகம். வசன கவிதைகள். ஒரு ஞாயிறன்று ஊருக்கு வந்து, கிருபையிடம் ஒரு பிரதியைக் கொடுத்தேன். கொட்டகைப் பெண்களைப் பற்றி ஒரு நீண்ட பகுதி அதில் உண்டு. ‘ஆவாரம்பூ மணக்கும் கரங்கள், பொன் துகள் தூவும் தேவதைகள்’ என்று போகும். அவளுக்காகத்தான் அதை எழுதியதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ரயில். வழியனுப்பக் கிருபை மட்டும் வந்தாள். பன்னிரண்டு வயது முடிந்திருந்தது. விரல் இடுக்கெல்லாம் பட்டைக் கறை. நெஞ்சுக்குள்ளிருந்து வரும் இருமல். புத்தகத்தைத் தையல் நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி எடுத்து வந்திருந்தாள்.

“படிச்சிட்டேன். இந்தா.”

“உனக்குத்தானே கொடுத்தேன்.”

“உள்ள பாரு.”

வண்டிப் படியில் ஒரு காலை வைத்தபடி நூலை அவிழ்த்தேன். முக்கால்வாசிப் பக்கங்கள் சுத்தமாக இருந்தன. கொட்டகைப் பகுதியைத் திறந்தேன். ‘ஆவாரம்பூ மணக்கும்’ என்ற இடத்திலிருந்து பக்கத்தின் அடி வரைக்கும், ஒரு வரி விடாமல், பட்டைத் துணுக்கு.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆசிரியனின் அசட்டுச் சிரிப்பு. “இவ்வளவு கஷ்டமாவா எழுதியிருக்கேன்? எந்த வார்த்தை தெரியல, சொல்லு. அர்த்தம் சொல்றேன்.”

கார்டு பச்சைக் கொடியை விரித்தார். கிருபை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தி இருமி முடித்தாள்.

“வார்த்தை எல்லாம் தெரியும், சித்தப்பா. பொய்யி இருக்கற எடத்துலதான் வெச்சேன். ஏறு, வண்டி கெளம்புது.”